ஆஃப்-ரோட் டிரையத்லான் ஓட்டத்துக்கு எந்தச் சப்பாத்து? செம்பனைத் தோட்டம், களிமண், மழைக்காலம்

செம்பனை_ஈப்போ

வணக்கம். இரண்டு வருடமாகச் சாலை டிரையத்லான் செய்து வருகிறேன், எல்லாமே ஸ்பிரிண்ட் எனப்படும் குறுகிய தூரம். இந்த அக்டோபரில் முதல் தடவையாக ஆஃப்-ரோட் போட்டி ஒன்றுக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். ஈப்போவுக்குப் பக்கத்தில் பழைய ஈயச் சுரங்கக் குட்டையில் 1 கி.மீ. நீச்சல், அப்புறம் மவுண்டன் பைக்கில் 20 கி.மீ., கடைசியில் 8 கி.மீ. ஓட்டம். ஓட்டத்தின் முதல் பாதி செம்பனைத் தோட்டத்து லாரிப் பாதை. அதற்குப் பிறகு யாரும் பால் வெட்டாத பழைய ரப்பர்க் காட்டுக்குள் ஏறி, மறுபக்கம் இறங்கி வர வேண்டும்.

என்னிடம் இருப்பது சாலையில் ஓடும் சப்பாத்து மட்டும்தான். போன ஞாயிறு அதையே போட்டுக்கொண்டு பாதையைப் பார்க்கப் போனேன். முதல் நாள் இரவு நல்ல மழை. ஏற்றத்தில் ஓரடி வைத்தால் அரையடி பின்னால் வழுக்குகிறது. இறக்கத்தில் மூன்று இடத்தில் மரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே இறங்கினேன். அடியைத் திருப்பிப் பார்த்தால் களிமண் அப்பி, தோசைக்கல் மாதிரி வழவழவென்று இருந்தது.

கடையில் கேட்டதற்கு, “மழைக்காலம் என்றால் நீர் புகாத சப்பாத்து வாங்குங்கள், ஈரமே உள்ளே வராது” என்றார்கள். விலை 600 வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல். என்னால் 400 வரைதான் முடியும். எனக்குப் பாதம் அகலம் வேறு. கடன் வாங்கியாவது அதை வாங்கத்தான் வேண்டுமா? சப்பாத்தின் அடியில் உள்ள பல் எவ்வளவு ஆழம் இருந்தால் போதும்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

மூன்றாம்_கட்டம் (சிங்கப்பூர்)

தம்பி, அந்த நீர் புகாத சப்பாத்தை முதலில் மனத்திலிருந்து எடுத்துவிடுங்கள். பணத்துக்காகச் சொல்லவில்லை. சும்மா கொடுத்தாலும் இந்தப் போட்டிக்கு அது ஆகாது.

நீர் புகாமல் தடுக்கும் சவ்வு, மேல்துணிக்கும் காலுக்கும் நடுவில் இருக்கிறது. பனியிலும் லேசான தூறலிலும் நடப்பவர்களுக்கு அது நல்ல வேலை செய்யும். நீங்களோ தண்ணீரிலிருந்து எழுந்து வருகிறீர்கள். உடுப்பிலிருந்து நீர் காலில் வழிந்துகொண்டே இருக்கும். பைக்கில் தலையில் ஊற்றிக்கொள்ளும் தண்ணீரும் வியர்வையும் கீழேதான் போகும். ஓட்டத்தில் கணுக்கால் அளவு ஓடை ஒன்று குறுக்கே வந்தால் போதும், சப்பாத்தின் கழுத்து வழியாக உள்ளே நிரம்பிவிடும். புகுந்த தண்ணீர் வெளியே போக வழி கிடையாது. வாய் திறந்த குடத்தைக் காலில் கட்டிக்கொண்டு ஓடுவது போலத்தான். பத்தே நிமிடத்தில் பாதத் தோல் ஊறி வெளுத்துவிடும். ஊறிய தோல் உரசினால் என்ன ஆகும் என்று நீச்சல்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சாலை டிரையத்லானிலும் கால் ஈரமாகத்தான் வரும், ஆனால் அங்கே தார்ச்சாலை காய வைத்துவிடும். இங்கே தொடக்கம் முதல் முடிவு வரை ஈரம். அதனால் எந்தச் சப்பாத்தையும் காய்ந்த நிலையில் மட்டும் போட்டுப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். “இது நனைந்த பிறகு எப்படி இருக்கும்?” என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

கடையிலேயே பார்க்க ஒரு வழி உண்டு. மேல்துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். முன்பாதப் பக்கம் விரலை உள்ளே விட்டால் விரலின் நிழல் தெரிய வேண்டும். அப்படியானால் தண்ணீர் போகும். நாக்கும் கழுத்துப் பட்டியும் தடியான பஞ்சாக இருந்தால் வேண்டாம், அது தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும்.

---

மலையோரம்_கோவை

நண்பருக்கு ஒரு மாற்றுக் கருத்து. 8 கி.மீ. ஓட்டத்துக்குக் காட்டுப் பாதைக்கென்று தனியாக டிரெய்ல் ஷூ தேவையா என்று யோசித்துப் பாருங்கள். நான் மருதமலைப் பக்கமும் ஆனைகட்டிப் பக்கமும் வாரம் இரண்டு நாள் ஓடுகிறேன். லேசான ரோடு ஷூவிலேயே பத்து வருடம் ஓட்டியாகிவிட்டது. ஒவ்வொரு ஷூவிலும் 100 கிராம் கூடினால் ஓடுவதற்கு ஆகும் ஆக்சிஜன் ஏறக்குறைய 1 சதவீதம் கூடும் என்பது 1980களிலிருந்தே தெரிந்த விஷயம். பைக்கில் ஏற்கெனவே தொடை செத்துப்போய் வரும்போது காலில் கூடுதல் எடை எதற்கு? பெரிய பல் வைத்த ஷூக்கள் தார்ச்சாலையிலும் கெட்டி மண்ணிலும் தடதடவென்று அடிக்கும். பாதி தூரம் லாரிப் பாதை என்று நீங்களே சொல்கிறீர்கள்.

---

பால்மரக்_காட்டு_மகள் (சிரம்பான்)

கோவை அண்ணா சொல்வது காய்ந்த மலைக்குச் சரி. எங்கள் ஊர்க் களிமண்ணுக்குச் சரிவராது. உங்கள் பக்கம் பாறையும் சரளையும், காலை வைத்தால் பிடிக்கும். இங்கே மழை பெய்தால் மண் மாவாகிவிடும்.

செம்பனை தம்பி, உங்கள் வீட்டில் யாராவது பால்மரம் வெட்டியிருந்தால் இந்தக் கேள்விக்கு அவர்களே பதில் சொல்லியிருப்பார்கள். என் அம்மா இருபத்திரண்டு வருடம் பால் வெட்டினார். விடிவதற்கு முன்னால், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, பனியில் நனைந்த சரிவில் மரத்துக்கு மரம் ஏறி இறங்குவார். காலில் கறுப்பு ரப்பர்ச் சப்பாத்து. முழுக்க ஒரே வார்ப்பு, அடியில் சின்னச் சின்னக் குமிழ்கள். இங்கே எல்லாரும் ‘அடிடாஸ் கம்போங்’ என்று கூப்பிடுவார்கள். அந்தப் பெரிய நிறுவனத்துக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது, கம்பத்து மக்கள் வைத்த பெயர். அம்மா வழுக்கி விழுந்து நான் பார்த்ததில்லை. இன்றைக்கும் காட்டுப் பாதை ஓடுகிற மலாய்க்காரர், தமிழர், சீனர் எல்லாருக்கும் அதன் அருமை தெரியும்.

நானும் ஒரு போட்டியில் அதைப் போட்டு ஓடினேன். அதன் அடியை அப்போதுதான் நிதானமாகப் பார்த்தேன். குமிழ் ஒவ்வொன்றும் சுண்டு விரல் நுனி அளவு. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் நல்ல இடைவெளி. அதனால் மண் உள்ளே சிக்கி நிற்பதில்லை, காலைத் தூக்கினால் உதிர்ந்துவிடுகிறது. ரப்பரும் மென்மை. களிமண் இறக்கத்தில் 400 வெள்ளிச் சப்பாத்துக்காரர்களை நான் தாண்டிப் போனேன்.

ஆனால் முழுப் போட்டிக்கும் அதைப் போடச் சொல்ல மாட்டேன். மெத்தை என்று ஒன்றும் கிடையாது, லாரிப் பாதையில் சரளைக் கல் ஒவ்வொன்றும் பாதத்தில் தெரிந்தது. தண்ணீர் வெளியேற நானே பக்கத்துக்கு நான்கு துளை போட வேண்டியிருந்தது. முட்டி வரை காலுறை போடாவிட்டால் விளிம்பு தோலை அறுக்கும். அம்மா அதில் நடந்தார், ஓடவில்லை. அதை மறக்கக் கூடாது.

வாங்கும் சப்பாத்தில் அம்மாவின் சப்பாத்து அடியைத் தேடுங்கள். பல் ஆழம் எத்தனை என்று அட்டையில் போட்டிருப்பதைவிட, பல்லுக்குப் பல் இடைவெளி எவ்வளவு என்று உங்கள் கண்ணால் பாருங்கள்.

---

செம்பனை_ஈப்போ

அக்கா, இதைப் படித்து என் பாட்டியிடம் கேட்டேன். சுங்கை சிப்புட் பக்கத் தோட்டத்தில் இருந்தவர். “அதே சப்பாத்துதான், காலுறைக்குப் பழைய பாவாடைத் துணியைச் சுற்றிக்கொள்வோம்” என்றார். நன்றி அக்கா.

அப்படியென்றால் ஆழமான பல்லே எடுத்துவிடட்டுமா? இணையத்தில் 8 மி.மீ. பல் உள்ளதெல்லாம் பார்த்தேன்.

---

மூன்றாம்_கட்டம்

அவசரப்பட வேண்டாம். 8 மி.மீ. என்றால் நீங்கள் பார்த்தது இனோவ்-8 மட்க்ளா மாதிரி ஏதாவது இருக்கும். இங்கிலாந்தின் சதுப்பு மலைகளில், புல்லும் சேறும் கலந்த சரிவில் ஓடுகிறவர்களுக்காகச் செய்தது. கால் மண்ணுக்குள் இறங்கினால்தான் அந்தப் பல்லுக்கு வேலை. உங்கள் லாரிப் பாதை கெட்டியாக இருந்தால் பல் உள்ளே போகாது, நீங்கள் பல்லின் மேலேயே நின்றுகொண்டு ஆடுவீர்கள். சோர்ந்த கணுக்காலுக்கு அது ஆபத்து. 4 கி.மீ. கெட்டிப் பாதை, 4 கி.மீ. களிமண் என்றால் 5 மி.மீ. சுற்றுவட்டாரம் சரியாக வரும். ஹோக்கா ஸ்பீட்கோட்டுக்கு 5 மி.மீ. பல். சலோமோன் ஸ்பீட்கிராஸுக்கும் கிட்டத்தட்ட அதே ஆழம்தான், ஆனால் அம்பு முனை மாதிரி வடிவம், இடைவெளி அதிகம், களிமண்ணை நன்றாக உதறும். சிங்கப்பூரில் நாங்கள் ஓடும் மெக்ரிச்சி, புக்கிட் தீமா மாதிரி மிதிபட்டுக் கெட்டியான பாதைக்கு 3, 4 மி.மீ. கூடப் போதும்.

இன்னொன்று. மழையில் நனைந்த வேர் மேல் எந்தப் பல்லும் பிடிக்காது. 3 மி.மீ. என்றாலும் 8 மி.மீ. என்றாலும் ஒன்றுதான். வேரிலும் பாறையிலும் பிடிப்பது ரப்பரின் தன்மை. மென்மையான ரப்பர் ஒட்டும், சீக்கிரம் தேயும். கெட்டி ரப்பர் நாள்பட உழைக்கும், ஈரத்தில் வழுக்கும். கடையில் கட்டை விரல் நகத்தால் பல்லை அழுத்திப் பாருங்கள், லேசாகப் பதிந்தால் நல்லது. விப்ராம் மெகாகிரிப் என்று மஞ்சள் எண்கோண முத்திரையோடு வருவது ஈரத்துக்கு நம்பகமானது. அந்த நிறுவனமே ஒரு துயரத்தில் பிறந்ததுதான். 1935இல் ஆல்ப்ஸில் ஏறப் போன இடத்தில் அதன் நிறுவனர் விட்டாலே பிரமானியின் தோழர்கள் ஆறு பேர் இறந்தார்கள். காலில் இருந்தது அந்த மலைக்கு ஏற்றதாக இல்லை என்ற எண்ணம் அவரை விடவில்லை. 1937இல் மலைக்கென்று ரப்பர் அடியைக் கொண்டுவந்தார். சப்பாத்தின் அடியைப் பற்றி இவ்வளவு பேசுவது வீண் பேச்சு இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

வேரைக் கண்டால் மிதிக்காமல் தாண்டுங்கள். மிதித்தே ஆக வேண்டும் என்றால் பாதத்தை நேராக, தட்டையாக வையுங்கள், அதன் மேல் உந்தாதீர்கள்.

---

ஆல்ப்ஸ்_அடிவாரம் (சூரிச்)

வணக்கம். நான் யாழ்ப்பாணம், இப்ப சுவிஸில் இருக்கிறன். இந்த இழையைப் பார்த்துச் சந்தோசமாக இருக்கு, எங்கட மொழியில் இந்த விசயத்தை ஆரும் எழுதி நான் கண்டதில்லை.

எக்ஸ்டெர்ரா என்ற ஆஃப்-ரோட் டிரையத்லான் போட்டித் தொடர் 1996இல் ஹவாயின் மௌவி தீவில் தொடங்கினது. உலகப் போட்டி கனகாலம் அங்கதான் நடந்தது. 2022இல் இத்தாலியின் மொல்வேனோவுக்கு வந்தபோது நான் பார்க்கப் போனேன், அடுத்த வருசம் வயதுப் பிரிவில் ஓடியும் பார்த்தேன். ஏரி 800 மீட்டருக்கு மேல, செப்டம்பர் கடைசியில தண்ணி குளிர். வெளியே வரும்போது கால்விரல் இருக்கிறதே தெரியாது. அந்த விரலோட சைக்கிள் சப்பாத்துக்குள்ள கால் நுழைக்கிறது ஒரு பாடு. ஓட்டம் வரும்வரை விரலில் முழு உணர்ச்சி வரேல்லை. அதனால் விரல் நுனியில் காப்பு உள்ள சப்பாத்து எனக்கு முக்கியமாக இருந்தது, ஏனென்டால் கல்லில் இடிச்சாலும் உடன தெரியாது.

அங்க நிலம் கல்லும் வேரும் காட்டுப் பாதையும். களிமண் குறைவு. அதுக்கு நான் போட்டது 4 மி.மீ. பல், நடுவில் கல் குத்தாமல் இருக்க மெல்லிய தகடு. அந்த மாகாணத்திலேயே வால் டி ஃபியம்மே பள்ளத்தாக்கில் லா ஸ்போர்ட்டிவா நிறுவனம் இருக்கு. ஊர்க்காரர் பாதிப்பேர் காலில் அதுதான். தங்கட நிலத்துக்குத் தாங்களே சப்பாத்து செய்யிறவை. சிரம்பான் தங்கச்சி சொன்ன ரப்பர்ச் சப்பாத்தும் அதே கதைதானே.

என்ர சப்பாத்தை உங்களுக்குத் தந்தால் ஈப்போ களிமண்ணில் நீங்கள் விழுவியள். உங்கட சப்பாத்தோட மொல்வேனோவுக்கு வந்தால் கல் குத்தி நொண்டுவியள். வெளிநாட்டு விமர்சனங்களில் ‘மிகச் சிறந்தது’ என்று போட்டிருந்தால், எந்த மண்ணில் ஓடிப் பார்த்து எழுதினது என்று பாருங்கோ.

---

புதுநீச்சல்_சென்னை

இடையில் ஒரு சந்தேகம். ரோடு டிரையத்லானில் எல்லோரும் எலாஸ்டிக் லேஸ் போடுகிறார்களே, இதற்கும் அதையே போடலாமா? முடிச்சுப் போடும் நேரம் மிச்சம்.

---

பால்மரக்_காட்டு_மகள்

போடலாம், ஆனால் இறக்கத்தை நினைத்துக்கொண்டு போடுங்கள். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். முதல் ஆஃப்-ரோட் போட்டியில் சாலைப் பழக்கத்தில் எலாஸ்டிக் நாடாவைத் தளர்வாக விட்டிருந்தேன். ஏற்றம் வரை சுகமாக இருந்தது. இறக்கம் வந்ததும் ஒவ்வோர் அடிக்கும் பாதம் முன்னால் சறுக்கி, இரண்டு கட்டை விரலும் சப்பாத்தின் முனையில் இடித்துக்கொண்டே வந்தது. ஒன்றரை கிலோமீட்டர்தான். அன்று இரவு நகத்துக்கு அடியில் ரத்தம் கட்டிக் கறுத்து, மூன்று மாதத்தில் இரண்டு நகமும் விழுந்தன. நான் மிச்சம் பிடித்தது பதினைந்து வினாடி.

இப்போது நான் செய்வது இதுதான். எலாஸ்டிக் நாடாவைக் கீழ்த் துளைகளில் கொஞ்சம் தளர்வாகவும், மேல் மூன்று துளைகளில் இறுக்கமாகவும் கோர்க்கிறேன். கணுக்காலுக்குக் கீழே தனியாக இருக்கும் கடைசித் துளை இருக்கிறதே, பலர் அதைத் தொடுவதே இல்லை. அதே பக்கத்தில் நாடாவை அதற்குள் விட்டு ஒரு சின்னக் காதாக நிறுத்தி, எதிர்ப்பக்க நாடாவை அந்தக் காதுக்குள் நுழைத்து இழுத்தால் குதிகால் அசையாது. பிறகுதான் நாடாவை இறுக்கிப் பிடிக்கும் பிடிகிளிப். நுழைக்கும்போது கொஞ்சம் கஷ்டமாக இருக்கும், குதிகாலில் உள்ள வளையத்தைப் பிடித்து இழுத்தால் போய்விடும்.

சலோமோனில் வரும் மெல்லிய கயிறு நீளாது, ஒரே இழுப்பில் இறுகும், மிச்சத்தை நாக்கில் உள்ள பைக்குள் சொருகிவிடலாம். இந்த வேலைக்கு எனக்குத் தெரிந்து அதுவே சுலபம்.

---

மலையோரம்_கோவை

சிரம்பான் சகோதரி சொன்னதும் சூரிச் நண்பர் சொன்னதும் எனக்குப் புதிது. களிமண் விஷயத்தில் நான் அவசரப்பட்டுவிட்டேன். போன வாரம் வால்பாறைப் பக்கம் மழையில் தேயிலைத் தோட்டத்துப் பாதையில் ஓட வேண்டி வந்தது. நீங்கள் சொன்ன மாவு மண் என்னவென்று அன்றைக்குத்தான் புரிந்தது. ரோடு ஷூவில் இரண்டு கிலோமீட்டர் இறங்க நாற்பது நிமிடம் ஆனது.

எடை பற்றிச் சொன்னதை மட்டும் விட மாட்டேன், ஆனால் நனைந்த எடையைப் பாருங்கள். பெட்டியில் போட்டிருப்பது காய்ந்த எடை.

---

எலும்பும்_தசையும் (பிசியோதெரபிஸ்ட், திருச்சி)

அகலப் பாதம் என்று சொன்னதால் எழுதுகிறேன். அகலப் பாதத்துக்கு ஆல்ட்ரா லோன் பீக் நல்ல தேர்வு என்று யாராவது கண்டிப்பாகச் சொல்வார்கள். விரல் பகுதி உண்மையிலேயே பாத வடிவத்தில் இருக்கும். ஆனால் அதில் குதிகாலும் முன்பாதமும் ஒரே உயரம், அதாவது டிராப் 0. சாதாரண ரோடு ஷூவில் குதிகால் 8 முதல் 10 மி.மீ. வரை உயர்ந்திருக்கும். இதிலிருந்து அதற்குத் திடீரென்று மாறினால் கெண்டைக்காலும் குதிகால் தசைநாணும் புதிதாக நீள வேண்டியிருக்கும். ஒன்றரை மணி நேரம் மவுண்டன் பைக்கை மிதித்துவிட்டு இறங்கும்போது கெண்டைக்கால் ஏற்கெனவே சுருங்கியிருக்கும். அதன் மேல் செங்குத்தான ஏற்றம். என்னிடம் வருகிறவர்களில் குதிகால் தசைநாண் வலியோடு வருகிறவர்கள் பலர், “போன மாதம்தான் ஷூ மாற்றினேன்” என்றுதான் ஆரம்பிக்கிறார்கள்.

போட்டிக்கு இரண்டு மாதம்கூட இல்லை என்றால் இப்போதுள்ள டிராப்பிலிருந்து அதிக தூரம் போக வேண்டாம். 4 மி.மீ. டிராப் என்றால்கூட முதல் இரண்டு வாரம் குறைந்த தூரம் மட்டும் ஓடுங்கள். பல நிறுவனங்கள் அகல அளவு தனியாகத் தருகிறார்கள், கடையில் காட்டாவிட்டாலும் கேளுங்கள்.

அளவு பார்ப்பது மாலையில், நடந்து முடித்த பிறகு. உங்கள் ஊர் வெயிலில் பாதம் நன்றாக வீங்கும். நின்றபடி, நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டை விரல் அகலம் காலி இருக்க வேண்டும். கடையில் சாய்வுப் பலகையோ படியோ இருந்தால் அதில் கீழ்நோக்கி நின்று முன்னால் குதித்துப் பாருங்கள், விரல் இடித்தால் வேண்டாம்.

---

செம்பனை_ஈப்போ

வாங்கிவிட்டேன்! போன வருடத்து ஸ்பீட்கோட், அகல அளவு, தள்ளுபடியில் 389 வெள்ளி. நிறம் பிடிக்கவில்லை, அதனால்தான் மலிவு. டிராப் 4 மி.மீ., பிசியோ சார் சொன்னபடி மெதுவாகத்தான் பழகுகிறேன்.

மூன்றாம்_கட்டம் அண்ணனும் கோவை அண்ணனும் சொன்னதை வைத்து வீட்டில் ஒரு சோதனை செய்தேன். அம்மாவின் சமையல் தராசு, ஒரு வாளித் தண்ணீர். புதியது காய்ந்த நிலையில் ஒரு கால் 296 கிராம். வாளியில் ஐந்து நிமிடம் முக்கி எடுத்ததும் 412. அப்படியே மாட்டிக்கொண்டு வீட்டைச் சுற்றிப் பத்து நிமிடம் ஓடிவிட்டு நிறுத்தால் 351. பழைய சாலைச் சப்பாத்து காய்ந்தபோது 248 கிராம்தான். முக்கியதும் 409 ஆனது, பத்து நிமிடம் ஓடிய பிறகும் 377. காய்ந்தபோது லேசாக இருந்தது ஈரத்தில் கனமாகிவிட்டது! அதை வெட்டிப் பார்க்கவில்லை, ஆனால் நாக்கை இரண்டு விரலால் பிழிந்தபோது தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. புதியதில் நாக்கு மெல்லியது, பிழிந்தால் ஒன்றும் வரவில்லை.

இனி காலுறை பற்றிச் சொல்லுங்கள். சாலையில் நான் காலுறை போடுவதில்லை.

---

மூன்றாம்_கட்டம்

அருமையான சோதனை தம்பி. இந்த எண்களை எழுதி வையுங்கள்.

காலுறை போடுங்கள். சாலையில் 5 கி.மீ.க்குப் போடாமல் விடலாம். இங்கே ஓடையைத் தாண்டும்போது மணல் உள்ளே வரும், வெறுங்காலில் அது உப்புத்தாள் மாதிரி வேலை செய்யும். மெல்லிய, பருத்தி கலக்காத காலுறை, கணுக்காலுக்கு மேல் ஏறுவது. நீச்சலிலிருந்து வந்ததும் ஈரக்காலில் காலுறை ஏறாது என்பதால், முன்பே விரல்பகுதி வரை சுருட்டி வையுங்கள். விரலில் மாட்டி அப்படியே உருட்டிவிட்டால் போய்விடும். பைக்குக்கு முன்பே போட்டுவிடுங்கள், ஓட்டத்துக்கு மாறும்போது சப்பாத்து மட்டும்தான் வேலை.

பவுடர் தூவ வேண்டாம். ஈரத்தோடு சேர்ந்து பசையாகிவிடும். குதிகாலிலும் விரல்களுக்கு இடையிலும் வாசலின் போதும்.

---

ஆல்ப்ஸ்_அடிவாரம்

ஒண்டு மட்டும் சேர்க்கிறன். சப்பாத்தை போட்டி நாளுக்கென்று புதிதாக வைச்சிருக்காதேங்கோ. குறைஞ்சது ஒருதரமாவது நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூண்டையும் தொடர்ந்து செய்து, அதே நிலத்தில் அதைப் போட்டு ஓடுங்கோ.

---

செம்பனை_ஈப்போ

செய்தேன் அண்ணா. குட்டையில் அரை மணி நேரம், தோட்டத்தில் ஒரு மணி நேரம் பைக், உடனே ரப்பர்க் காட்டு ஏற்றம். பைக்கிலிருந்து இறங்கியதும் கால் எனக்குச் சொந்தமில்லாதது போல இருந்தது, பாதத்தைத் தூக்கவே முடியவில்லை, இரண்டு முறை வேரில் முனை இடித்தது. சோர்ந்த காலோடு ஓடும்போதுதான் சப்பாத்து எவ்வளவு முக்கியம் என்று தெரிகிறது. களிமண் பிடிக்கிறது. முழுக்க இல்லை, செங்குத்தான ஓரிடத்தில் இன்னும் வழுக்குகிறது, அங்கே பக்கவாட்டில் திரும்பி நடந்து இறங்குவதாக முடிவு செய்திருக்கிறேன். ரத்தம் குடிக்கும் அட்டை இரண்டு ஏறின, காலுறை மேல்தான், தோலுக்குப் போகவில்லை.

---

செம்பனை_ஈப்போ

போட்டி முடிந்தது. காத்திருந்தவர்களுக்காக இரவே எழுதுகிறேன்.

விடியற்காலையில் மழை. நீச்சல் சுமார். பைக்கில் இரண்டு இடத்தில் தள்ளிக்கொண்டு போனேன். ஓட்டத்துக்கு மாறும் இடத்தில் அக்கா சொன்ன கடைசித் துளைக் காது, குதிகால் வளையம், எல்லாம் பழகியிருந்ததால் கை தானாகவே செய்தது. லாரிப் பாதையில் என்னைத் தாண்டிப் போனவர்கள் ஏழெட்டுப் பேர். நான் அவசரப்படவில்லை. ஏற்றத்தில் இரண்டு பேரைப் பிடித்தேன். உச்சியில் ஒரு நொடி நின்று பிடிகிளிப்பை இன்னும் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு இறங்கினேன்.

அந்த இறக்கத்தை எப்படிச் சொல்வது! ஆறு வாரத்துக்கு முன்னால் மரத்தைப் பிடித்து உட்கார்ந்து இறங்கிய அதே இடம். சின்னச் சின்ன அடியாக, முட்டியை மடக்கி, கையை விரித்துக்கொண்டு ஓடியே இறங்கினேன். காலைத் தூக்கும்போதெல்லாம் மண் உதிர்ந்து கெண்டைக்காலில் அடிப்பது தெரிந்தது. செங்குத்தான அந்த ஓரிடத்தில் மட்டும் சொன்னபடி திரும்பி நடந்தேன். இறக்கத்தில் ஆறு பேரைத் தாண்டினேன். 8 கி.மீ. 61 நிமிடம்.

விரல் நகம் பத்தும் அப்படியே இருக்கின்றன அக்கா.

---

பால்மரக்_காட்டு_மகள்

வாழ்த்துகள் தம்பி! அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். “பக்கவாட்டில் திரும்பி இறங்கினானா, அப்போ சரி” என்றார்.

சப்பாத்தை இன்று இரவே குழாயடியில் கழுவிவிடுங்கள், களிமண் காய்ந்தால் பல் இடுக்கில் சிமெண்டு மாதிரி இறுகிவிடும். உள் அட்டையைத் தனியே எடுத்து, பழைய நாளிதழைச் சுருட்டி உள்ளே திணித்து நிழலில் வையுங்கள். வெயிலில் வேண்டாம், பசை விட்டுப்போகும். தாளை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள்.

---

செம்பனை_ஈப்போ

கழுவி வைத்துவிட்டேன் அக்கா. தாள் மாற்றும் வேலையைப் பாட்டி எடுத்துக்கொண்டார். சப்பாத்தின் அடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதுக்கா 389 வெள்ளி” என்று கேட்டு, பல்லுக்கு நடுவில் இருந்த கடைசிக் களிமண்ணையும் ஈர்க்குச்சியால் எடுத்துக்கொண்டிருக்கிறார்.